வீட்டில் விளைந்த முத்து

அந்த அக்காவை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. அவர் தைத்துக் கொடுக்கும் எந்தப் பொருளையும், உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாமல் தொட மாட்டேன் என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. தூத்துக்குடியில் யார் யாருக்கு என்ன உறவு என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அக்காவும் என்னைப்போலவே உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊர்க்காரர்தான். விசாரித்துக்கொண்டே போனால் எனக்கே சொந்தமாகக்கூட இருப்பார். கணவருக்கு இங்கே பலசரக்குக் கடை. அவ்வளவு போதும்.

எங்களுக்குள் பழக்கமானது ஒரு தையல் வகுப்பில். துறைமுகத்தில் சரக்கு இறக்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. நாள் முழுக்க போனில் கன்டெய்னர் எங்கே, லாரி எங்கே என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே வெறுப்பாக இருக்கும். பேசாமல் செய்கிற வேலை ஏதாவது வேண்டும் என்று இருந்தபோதுதான், ஒரு பேன்சி ஸ்டோர் மாடியில் சனிக்கிழமை மத்தியானங்களில் ஸ்டம்ப்வொர்க் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தமிழில் புடைப்புத் தையல் என்று வைத்துக்கொள்ளலாம். துணிமேல் பூவைத் தைப்பதில்லை, பூவைத் துணியைவிட்டு எழுந்து நிற்க வைப்பது. தனித் துணியில் மெல்லிய கம்பியை இதழ்போல வளைத்து, அதன் ஓரத்தை நெருக்கமாகத் தைத்து, உள்ளே நூலால் நிரப்பி, ஒட்ட வெட்டி எடுக்க வேண்டும். பிறகு பெரிய துணியில் ஓட்டை போட்டுக் கம்பியின் வாலைச் செருகிப் பின்னால் கட்ட வேண்டும். அப்புறம் அந்த இதழ் நாம் விரலால் வளைத்தபடி நிற்கும். அடியில் பஞ்சோ கம்பளித் துணியோ வைத்து மேடு கட்டித் தைத்தால் பழம் உருண்டு வரும்.

நான் முதலில் செய்த இலை கோணல்மாணலாகத்தான் வந்தது. ஆனாலும் அதை வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண்மணி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

டீச்சர் என்று நாங்கள் கூப்பிட்ட பெண்ணுக்கு எங்கள் எல்லோரையும்விட வயது குறைவு. கடற்கரைப் பக்கத்துப் பெண். மாதா சுரூபத்துக்கு உடுத்தும் அங்கிகளில் ஜரிகை வேலை செய்து பழகி, மற்றதை யூடியூப்பில் பார்த்துக் கற்றுக்கொண்டவள். முதல் நாள் அவள் எங்களிடம் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். ரவிக்கைக்கு, பொழுது போக, பிரஷர் குறைய என்று ஆளுக்கொன்று சொன்னோம். அக்கா மட்டும் எழுந்து நின்று சொன்னார்.

“எம் மவளுக்கு ஒரு படம் தைக்கணும் டீச்சர். பெங்களூருல பிளாட்டு வாங்கியிருக்கா. போட்டோவுல பாத்தேன், சுவரெல்லாம் மொட்டையா கெடக்கு. அதுல ஒரு எடத்துல நான் தச்சது தொங்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

ஒரே மகள். ஊருக்கு வந்து திரும்பும்போது அக்கா எதைக் கட்டிக் கொடுத்தாலும், மறந்துபோனதுபோல இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவாளாம். போர்வை, குத்துவிளக்கு, கருப்பட்டி, ஊறுகாய் எதுவும் திருநெல்வேலியைத் தாண்டியதில்லை. “எங்கையால போன ஒரு சாமான் அந்த வீட்டுல கெடையாது பாத்துக்கோ” என்று அக்கா சொன்னபோது எனக்கு மனசு இளகிவிட்டது. அந்த இளக்கம் அடுத்த சனிக்கிழமையைத் தாண்டவில்லை.

அடுத்த வாரம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்தேன். மெல்லிய பட்டு நூல், பிரிந்து பிரிந்து போனது. “இங்கன குடுளா” என்று பக்கத்திலிருந்து அக்காவின் கை வந்தது. வாங்கிய வேகத்தில் நூல் முனையை வாய்க்குள் விட்டு, நன்றாகச் சப்பி, பல்லால் இழுத்து முறுக்கி, ஊசியில் கோத்துத் திரும்பக் கொடுத்தார். நூல் ஈரமாகப் பளபளத்தது. வாயில் நூலை வைப்பது தையல்காரிகளுக்கெல்லாம் உள்ள பழக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரவர் வாய், அவரவர் நூல் என்று ஒரு மரியாதை வேண்டாமா? கைக்குட்டையால் துடைத்தேன். அதற்குள் அக்கா இன்னொருத்தியின் நூலை வாங்கி அதையும் சப்பிக்கொண்டிருந்தார். வகுப்பு முழுக்க அக்காவின் எச்சிலில்தான் பூ பூத்தது.

கடல் காற்றில் எங்கள் ஊசிகளெல்லாம் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். ஒரு வாரம் சும்மா கிடந்த ஊசியை எடுத்துக் குத்தினால் வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி விழும். அக்காவின் ஊசிகள் மட்டும் வாங்கிய அன்றைக்குப்போல இருந்தன. அவற்றை ஒரு சிவப்புப் பட்டு உருண்டையில் குத்தி வைத்திருப்பார். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். நீலப் பட்டில், மேலே புடைப்பாக ஒரு வெள்ளிமீனோடு, அத்தனை அழகு. என் ஊசிகளும் அதற்குப் பிறகு துருப்பிடிக்கவில்லை. ஆபீஸ் மேசையில்கூடச் சில நாள் அதை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினேன்.

ஒருநாள் அதன் தையல் ஒரு பக்கம் விட்டுப்போனது. உள்ளே கறுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முடி. எண்ணெய்ப் பிசுக்கோடு, சுருட்டிச் சுருட்டி அடைத்த மனுஷத் தலைமுடி.

சீப்பில் சிக்கிய முடியைக் கையில் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாலே சண்டைக்கு வரும் வீட்டில் வளர்ந்தவள் நான். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது. அந்த உருண்டையைத் தூக்கி எறிந்துவிட்டு டெட்டால் போட்டுக் கை கழுவினேன். அப்புறமும் விரலிடுக்கில் ஏதோ ஊர்வதுபோலவே இருந்தது. சனிக்கிழமை போனதும் முதல் வேலையாகக் கேட்டேன்.

“என்னக்கா இது? முடியையா வச்சுத் தச்சீங்க?”

“ஆமா. எம் மவ முடிலா அது” என்றார் அக்கா, கொஞ்சமும் கூச்சப்படாமல். “சின்னப் பிள்ளையில இருந்து அவ தலைய வாரி விட்ட சிக்கு முடி ஒண்ணக்கூட நான் கீழ போட்டது கெடையாது. உனக்குன்னுதான் அதுல இருந்து எடுத்தேன். எல்லாருக்கும் குடுப்பனா?”

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். அதைவிட எரிச்சல் வந்தது மற்றவர்களைப் பார்த்து. முடியில் எண்ணெய் இருப்பதால்தான் ஊசி துருப்பிடிக்கவில்லை என்று டீச்சர் ஒரு விளக்கம் சொன்னாளோ இல்லையோ, எனக்கொன்று எனக்கொன்று என்று எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எண்ணெய், துரு என்பதெல்லாம் அக்காவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் முடியை வைத்தது ஊசிக்காக இல்லை. மகளுடையது எதுவும் குப்பைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த ஒரு குணத்தைச் சுற்றித்தான் அக்காவின் எல்லாக் காரியமும் நடந்தது. நாங்கள் மீன் தைக்கக் கற்றுக்கொண்டபோது டீச்சர் செதிலுக்குச் சமிக்கி வாங்கி வரச் சொன்னாள். அக்கா நிஜமான விளமீன் செதிலைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஊசியால் ஓட்டை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்தார். மீன் நிஜமாகவே மின்னியது. நிஜமாகவே நாறவும் செய்தது. மத்தியான வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்தும் கருவாட்டு வாடை மாடியைவிட்டு இறங்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் எறும்பு வரிசை கட்டி வந்து, மீனின் வால் பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“சமிக்கி வச்சா என்னக்கா? இந்த நாத்தம் எதுக்கு?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“பொங்கலுக்கு அவ வந்தப்ப குழம்பு வச்ச மீனுளா. ரெண்டு துண்டு கூடுதலா கேட்டு வாங்கித் தின்னா. அந்தச் செதிலப் போயி எப்பிடிப் போடச் சொல்லுத?”

எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், வளர்ந்தார்கள். மீன் தின்ற தட்டை நாங்கள் கழுவிக் கவிழ்த்தோம். பாசம் இருந்தால் செதிலையும் முள்ளையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பிள்ளையைப் பெற்றாரா, பிள்ளையைச் சேகரித்தாரா என்று எனக்குத் தோன்றும்.

இப்படியெல்லாம் வெறுத்தவள் ஏன் அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன் என்று கேட்கலாம். அவருடைய கை வேலை அப்படி. நான் கம்பி ஓரத்தைத் தைத்தால் பல் பல்லாகத் தெரியும். அக்கா தைத்தால் கம்பி இருக்கும் இடமே தெரியாது. ஆரம்பித்தபோது எங்களைப்போலத்தான் தடவினார். ஆனால் வீட்டில் எந்நேரமும் அதே வேலை. கடையில் கணவருக்குச் சாப்பாடு கொண்டு போனாலும் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு இதழ் முடித்துவிட்டுத்தான் வருவார். தைத்தது சரியில்லை என்றால் முகம் கோணாமல் மொத்தத்தையும் பிரிப்பார். பிரித்த நூலையும் எடுத்து வைத்துக்கொள்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மகளுக்கான படத்தை அவர் வகுப்புக்குக் கொண்டு வரவே இல்லை. பாதி முடிந்த சமயத்தில் என்னை மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டார். போகாமல் இருந்திருக்கலாம். பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு முதலில் பீரோவைத் திறந்தார். புடவை அடுக்க வேண்டிய தட்டு முழுக்க மகள். பள்ளிக்கூடத்தில் விழுந்து கை முறிந்தபோது போட்ட மாவுக்கட்டு, வெட்டிப் பிரித்தபடியே, உள்பக்கம் பழுப்பேறி. சின்னச் சின்ன நகங்கள், ஒரு தைலப் பாட்டிலில். சுருங்கிக் கறுத்துப்போன தொப்புள்கொடி, வெள்ளித் தாயத்துக்குள் வைக்காமல் பஞ்சில் பொதிந்து. தாயத்தில் அடைத்தால் பார்க்க முடியாதாம். பஞ்சை விலக்கி என் மூக்குக்கு நேரே நீட்டினார். காபி டம்ளர் என் கையிலேயே ஆறிப்போனது. குடிக்கவில்லை, முடியவில்லை.

பிறகு படத்தைக் கொண்டுவந்தார்.

கடலின் அடி. கரும்பச்சைப் பட்டு. பவளப்பூச்சிகள் கட்டிய கொப்புகள் சிவப்பு நூலில் எழுந்து நின்றன. கடல்பாசி கம்பியில் வளைந்து துணியைவிட்டு வெளியே அசைந்தது. நடுவில் பெரிய முத்துச்சிப்பி. அதன் மேல்மூடியைத் தனியாகக் கம்பி வைத்துத் தைத்து, கீல்போலப் பின்னால் கட்டியிருந்தார். விரலால் தூக்கினால் திறந்தது. உள்ளே சாம்பலும் ரோஸுமாக நிறம் மாறி மாறி வழவழவென்று ஓடிய பட்டு நூல். அதன்மேல் வரிசையாக முத்துகள், கண்ணாடி வேலையில் கண்ணாடியைப் பிடிப்பதுபோல ஒவ்வொன்றும் நூல் கூண்டுக்குள். இந்தக் கையிலா அந்த எச்சில் நூல் என்று நினைத்தேன். கையை நீட்டி ஒரு முத்தைத் தடவினேன்.

“உருண்டையா இல்லையேக்கா. நம்ம கடல் முத்தா? எங்க வாங்குனீங்க?”

“எதுக்கு வாங்கணும்? இது எங்க வீட்டுல வெளஞ்சது” என்று சிரித்தார் அக்கா. “எம் மவ பாலுப் பல்லு.”

விரலை எடுத்துவிட்டேன். ஆனால் தொட்டது தொட்டதுதான். அந்த வழவழப்பு விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டது. இப்போது பார்த்தால் எல்லாமே தெரிந்தது. முன்பல், கடைவாய்ப்பல், விழுந்த இடத்தில் சொரசொரப்பான குழி. ஒன்றில் கறுப்பாக ஓட்டை.

“அது பூச்சிப் பல்லு. மிட்டாய் தின்னே கெடுத்துட்டா. அதான் ஓரமா வச்சிருக்கேன்” என்று விளக்கம் வேறு.

எங்கள் பக்கத்தில் பால் பல் விழுந்தால் சாணத்தில் வைத்துக் கூரைமேல் எறிவோம். பிள்ளை கைதட்டிச் சிரிக்கும், அத்தோடு தீர்ந்தது. அக்கா கூரைக்கு எறிந்ததுபோலக் கையை வீசிக் காட்டிவிட்டு, மகள் விளையாடப் போனதும் மடியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்திருக்கிறார். பிள்ளையையே ஏமாற்றியிருக்கிறார். கதை மாதிரி அவர் அதைச் சொல்லிச் சிரித்தது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

“அக்கா, நான் சொல்லுதத கேளுங்க. இத எடுத்துட்டு வேற முத்து வச்சிருங்க. கடையில நல்லதே கெடைக்கும். இவ்வளவு அழகாத் தச்சிருக்கீங்க. இது தெரிஞ்சா அவ வீட்டுல மாட்ட மாட்டா.”

அக்கா என்னை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார்.

“அவ பல்லு அவளுக்கே எப்பிடிளா அருவருக்கும்?”

மகள் வந்தது ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. கல்யாணம் முடிந்த கையோடு அக்கா அவளை வகுப்புக்கே அழைத்து வந்துவிட்டார், படத்தையும் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு. எல்லோர் முன்னாலும் கொடுத்தால் விட்டுவிட்டுப் போக முடியாது என்று கணக்குப் போட்டிருப்பார். அமைதியான பெண். ஜீன்ஸும் குர்தாவும் போட்டு, முடியைக் கழுத்தோடு ஒட்ட வெட்டியிருந்தாள். டீச்சருக்கு வணக்கம் சொன்னாள். எங்களிடம் சிரித்துப் பேசினாள். படத்தைப் பிரித்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நிஜமான சந்தோஷம் அது.

“அம்மா, இத நீயா பண்ண? சத்தியமா நீயா?”

பாசியைத் தொட்டுப் பார்த்தாள். சிப்பியைத் திறந்து மூடித் திறந்தாள். போனில் படம் எடுத்தாள். ஹாலில் சோபாவுக்கு நேர் மேலே மாட்டப் போகிறேன் என்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் படம் இன்றைக்குப் பெங்களூரில்தான் இருந்திருக்கும். நான் மேசைக்கு அடியில் அக்காவின் காலை அழுத்தி மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

“முத்து என்னன்னு தெரியுதா? உம் பல்லுதான் எல்லாம். நீ கூரையில எறிஞ்சதா நெனச்சிட்டு இருந்தல்லா!”

அந்தப் பெண் கத்தவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. “சூப்பர்ம்மா” என்றாள். ஆனால் சிப்பியைத் தொட்ட விரலைத் தன் ஜீன்ஸில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பேச்சு எங்கெங்கோ போன பிறகும் அந்த விரல் மட்டும் நிற்கவில்லை. அக்கா சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. பழைய வேட்டியில் படத்தைச் சுற்றி, பிள்ளையைக் கொடுப்பதுபோல மகள் மடியில் வைத்தார்.

மறுநாள் சாயங்காலம், ரயிலுக்குப் போகும் வழியில், என் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்தப் பெண்தான். கையில் அதே வேட்டிப் பொதி.

“ஆன்ட்டி, உங்க வீடு டீச்சர்கிட்ட கேட்டு வந்தேன். இத நீங்க வச்சுக்கோங்க.”

“அம்மா கேட்டா என்ன சொல்லுவ?”

“மாட்டிட்டேன்னு சொல்லுவேன். அம்மா அங்க வாரதே கெடையாது.” உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள். “நான் பியூட்டி பார்லர் போனா அம்மா கூடவே கவரோட வருவாங்க ஆன்ட்டி, வெட்டுன முடிய அள்ளிட்டுப் போக. ஃபிரண்ட்ஸ் எல்லாம் சிரிப்பாங்க. நகம் வெட்டுனா அத பொறுக்கி எடுத்துட்டு, சரியா இருக்கான்னு கட்டில் அடியில குனிஞ்சு தேடுவாங்க. எங்கிட்ட இருந்து உதுந்தது எதுவும் என்னோடதா இருந்ததில்ல. இப்ப அந்த வீட்டுலதான் எனக்கு மூச்சு வருது. அங்கயும் சோபாக்கு மேல என் பல்லு என்னையே பாத்துட்டு இருந்தா நான் எப்பிடித் தூங்க?”

“குப்பையில போட்டிருக்கலாமே.”

“ரெண்டு தடவ போடப் போனேன். அம்மா தச்சதுல்லா, முடியல. நீங்க வேணா போட்ருங்க.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் அவளாக இருந்தால் இன்னும் முன்னாலேயே ஓடியிருப்பேன். ஆனாலும் ஆட்டோ திரும்பியபோது அவள்மேலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெற்ற தாயின் அசிங்கத்தைச் சுமக்க ஊரில் வேறு ஆளா இல்லை? முடி என்றால் கை கழுவுகிற என்னிடமா கொண்டுவந்து தர வேண்டும்? பொதியைப் பிரிக்காமல் பரணில் போட்டேன். அன்றைக்கு என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. என் வீட்டுக்காரர் என்ன பொதி என்று கேட்டதற்கு, தையல் சாமான் என்றேன்.

அது அங்கேயே கிடந்து மக்கியிருக்கும். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. மாட்டின படத்தை போட்டோ எடுத்து அனுப்பு என்று மகளை நச்சரித்திருக்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்று அவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மெசேஜ் வந்தது. ‘ஆன்ட்டி, ப்ளீஸ். உங்க சுவத்துல ஒரு நிமிஷம் மாட்டி ஒரே ஒரு போட்டோ.’

வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே பரணில் ஏறினேன். கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு படத்தை எடுத்துத் தூசி தட்டினேன். முன்ஹாலில் காலண்டர் தொங்கிய ஆணியில் மாட்டி, நேராக நின்று எடுத்து அனுப்பினேன். உடனே கழற்றியும் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வகுப்பில் உட்காரவே இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். “பாத்தியா, எம் மவ வீட்டு ஹாலு. சோபாக்கு மேல மாட்டுதேன்னு சொன்னா, மாட்டிட்டா.” எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். கடைசியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பி, பாசி, சட்டத்தின் ஓரம், அதைத் தாண்டிச் சுவர். விரல் அங்கே நின்றுவிட்டது.

நானும் குனிந்து பார்த்தேன். சட்டத்துக்குக் கீழே பெயின்ட் உரிந்து, சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரும் அப்படித்தான், தினமும் பார்ப்பதால் என் கண்ணில் படவே இல்லை. பெங்களூரில் புதுசாக வாங்கின பிளாட்டில், அத்தனை உயரத்தில், சுவருக்கு உப்பு எங்கிருந்து வரும்? நூல் வாங்க ஒருமுறை எங்கள் வீட்டு முன்ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தவர் அக்கா.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“அந்தச் சுவத்துல ஈரம் ஏறும் போலிருக்கு. உள்சுவரு ஏதாவது பாத்து மாட்டச் சொல்லுளா. பட்டு கெட்டுப் போவும்.”

“சரிக்கா” என்றேன்.

அக்கா ஊசியை எடுத்தார். நூல் முனையை வாயில் விட்டார். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இருந்தது. அதோடு சேர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகும் வகுப்பில் யாராவது கேட்டால், மகள் வீட்டு ஹாலில் தொங்குகிறது என்றுதான் சொல்லுவார், குரல் ஒரு இழை தாழாமல். என் வீட்டுப் பக்கம் ஒருமுறைகூட வரவில்லை. பிறகு கடை சரியாகப் போகாமல், அதை மூடிவிட்டு ஊர்ப்பக்கமே போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். சாமான் ஏற்றுகிற அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். பீரோவைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தள்ளியே நின்றேன்.

“அக்கா, அந்தப் படம்…” என்று மெதுவாக ஆரம்பித்தேன். “பத்திரமா இருக்கு. இப்பவே போயி எடுத்துட்டு வந்து தந்திருதேன்.”

அக்கா என்னைக் கூர்மையாகப் பார்த்தார்.

“எந்தப் படத்தச் சொல்லுத? அது எம் மவ வீட்டுலல்லா தொங்குது. அத எடுக்கணும்னா அவகிட்டல்லா கேக்கணும். எங்கிட்ட என்னத்துக்குக் கேக்க?”

வண்டி கிளம்பிப் போய்விட்டது.

படம் இப்போது எங்கள் வீட்டில் உள்சுவரில் இருக்கிறது. ஈரம் ஏறாத இடமாகத் தேடி நானே ஆணி அடித்தேன். வருகிறவர்கள் தூத்துக்குடி முத்தா என்று கேட்டுத் தொடப் போவார்கள். தொடாதீர்கள் என்பேன், காரணம் சொல்ல மாட்டேன். இந்த ஊர்க் காற்றுக்கு எதன்மேலும் ஒரு பிசுக்குப் படிந்துவிடும். சிப்பிக்குள்ளும் படிகிறது. துணியால் துடைத்தால் நூல் கூண்டுகள் அறுந்துவிடும். அதனால் வாரத்தில் ஒருநாள் பழைய டூத் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு, மூடியைத் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ பெற்ற பிள்ளைக்குப் பல் விளக்கிவிடுகிறேன்.